ஏழாம் நாள் முதுகு

தோல் டாக்டரை யாரும் பாதித் தூக்கத்தில் எழுப்ப மாட்டார்கள் என்பதற்காகத்தான் நான் இந்தப் படிப்பை எடுத்தேன். சேவை மனப்பான்மை, அறிவியல் ஆர்வம் என்றெல்லாம் இன்டர்வியூவில் அள்ளிவிட்டேன், நீங்களும் விட்டிருப்பீர்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. இதய டாக்டர் வராந்தாவில் நடந்து வந்தால் எல்லோரும் ஒதுங்கி வழி விடுவார்கள். நான் நடந்து வந்தால் பில் போடும் பெண் எழுந்து வந்து கன்னத்தைக் காட்டி, இந்தப் பருவுக்கு ஏதாவது சொல்லுங்கள் மேடம் என்பாள். நம் துறையின் மரியாதை இவ்வளவுதான். சீக்கிரம் பழகிக்கொள்வது நல்லது.

ஓய்வு பெற்று இரண்டு வருஷமாகிறது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு தனியார் ஆஸ்பத்திரியில்தான் என் காலம் போனது. என்னிடம் வேலை கற்றுக்கொண்ட நீங்கள் அவ்வப்போது என்னைப் பார்க்க வருகிறீர்கள், காபி குடிக்கிறீர்கள், எந்த லேசர் மிஷின் வாங்கலாம், முடி நடும் பயிற்சிக்கு எங்கே போகலாம் என்று கேட்கிறீர்கள். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுதான். இரும்பு உருக்குகிறவர், பெயின்ட் கலக்குகிறவர், ரப்பர் வார்க்கிறவர் என்று இந்த வட்டாரத்து முதுகுகளில் பாதியாவது என் கண்ணில் பட்டிருக்கும். பஸ் ஸ்டாண்டில் யாராவது வணக்கம் வைத்தால் எனக்கு ஆள் தெரிவதில்லை. திரும்பி நடக்கும்போதுதான் அடடா, இவரா என்று தோன்றும்.

பேட்ச் டெஸ்ட் என்று நாம் சொல்வதை இங்கே எல்லோரும் முதுகு டெஸ்ட் என்பார்கள். வேலை எளிது. ஒருவருக்கு எது ஒத்துக்கொள்ளவில்லை என்று சந்தேகமோ அந்தப் பொருள்களைத் துளித்துளியாகச் சின்னச் சின்ன வில்லைகளில் வைத்து, முதுகில் வரிசையாக ஒட்டி, ஓரங்களில் மையால் கோடு போட்டு அனுப்புவோம். இரண்டு நாள் கழித்துப் பிரித்துப் பார்ப்போம். இன்னும் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்ப்போம். எந்தப் புள்ளி சிவந்து தடித்து அரிக்கிறதோ அதுதான் குற்றவாளி. அதுவரை முதுகில் தண்ணீர் படக் கூடாது, வேர்க்கக் கூடாது. உலைக்குப் பக்கத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவரிடம், அதுவும் நம் ஊர் வெயிலில், குளிக்காதே, வேர்க்காதே என்று சொல்வதற்குத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். எனக்கு அது தாராளமாக இருந்தது. நான்காம் நாள் வந்த ஒருவர், வீட்டில் பாயை வெளியே போட்டுவிட்டார்கள் மேடம் என்று சொல்லிவிட்டுச் சட்டையைக் கழற்றினார்.

வேலையில் எதையெல்லாம் தொடுகிறீர்களோ அதையெல்லாம் கொண்டு வாருங்கள் என்று சொல்வது வழக்கம். கிழிந்த கையுறை வரும், பழைய பிரஷ் வரும், வாட்டர் பாட்டிலில் கறுப்பு ஆயில் வரும். ஒருவர் தன் சூப்பர்வைசரையே அழைத்து வந்தார். இவரைப் பார்த்தாலே அரிக்கிறது என்றார். சூப்பர்வைசரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். ஆரம்ப நாளில் அப்படி வந்த ஆயிலை எதிலும் கலந்து நீர்க்க வைக்காமல் அப்படியே ஒட்டிவிட்டு, ஒருவர் முதுகில் காசு அளவுக்குத் தோலை வேகவைத்திருக்கிறேன். அதை அலர்ஜி என்று வேறு எழுதிவைத்தேன். இதையெல்லாம் நீங்களும் செய்வீர்கள். ஆனால் நான் சொல்ல வந்தது இது இல்லை. இதைவிடப் பெரிய முட்டாள்தனம் ஒன்று இருக்கிறது. அப்போது எனக்கு அனுபவம் இல்லை என்றும் சொல்லித் தப்பிக்க முடியாது. ஓய்வு பெற நாலைந்து வருஷம்தான் பாக்கி இருந்தது.

எனக்குப் பாடம் சொன்ன பேராசிரியர் ஒருவர் இருந்தார். வகுப்பில் அவர் சொன்னதில் முக்கால்வாசி அவருடைய வெளிநாட்டுப் பயணக் கதை. மீதிக் கால்வாசியில் ஒன்று, முதுகை ஏழாம் நாளும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது. சில மருந்துகள் சோம்பேறிகள், நான்காம் நாள் எழுந்திருக்காது என்பார். கும்மிடிப்பூண்டிக்கு வந்த புதிதில் ஏழாம் நாளும் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். கான்ட்ராக்ட் தொழிலாளி ஒரு டெஸ்டுக்கு நாலு தடவை லீவு போட முடியுமா, பாவம் என்று காரணம் சொல்லிக்கொண்டேன். அது பொய் இல்லை. ஆனால் திங்கட்கிழமை ஓ.பி. கூட்டத்தில் எனக்கு ஒரு ஆள் குறைகிறது என்பதும் பொய் இல்லை. இரக்கமும் சோம்பலும் சேர்ந்து வந்தால் நாம் இரக்கத்தின் பெயரைத்தான் வெளியே சொல்வோம்.

இனி எஸ்தர். ஆரம்பாக்கத்திலிருந்து சூலூர்பேட்டை ரயிலில் வேலைக்கு வருகிறவர். வயது முப்பத்து நாலைந்து இருக்கும். அப்பா அம்மா அடுத்தவர் நெல் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள்; இவர் ஒரு ஸ்க்ரூ கம்பெனியில் ஒன்பது வருஷமாகக் கான்ட்ராக்ட். முலாம் பூசி வரும் ஸ்க்ரூவைக் கையில் அள்ளி, மரை சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்துப் போடும் வேலை. இரண்டு கையும் விரல் இடுக்கில் ஆரம்பித்து மணிக்கட்டு வரை வெடித்து, கசிந்து, காய்ந்து, மறுபடி வெடித்துக்கொண்டிருந்தது. ஒன்றரை வருஷமாக என்னிடம்தான் வைத்தியம். வரும்போதெல்லாம் கொஞ்சம் பரவாயில்லை என்பார், கொஞ்சம் மோசம் என்பார். நானும் தலையாட்டிவிட்டு, பழைய மருந்தையே தொடரச் சொல்லி அனுப்புவேன்.

அந்த வருஷம் கம்பெனியில் சிலரைப் பர்மனென்ட் செய்யப் பட்டியல் எடுத்தார்கள். எஸ்தர் பெயர் அதில் இருந்தது. ஒன்பது வருஷம் அதற்காகத்தான் காத்திருந்தார். மெடிக்கல் செக்கப்பில் கையைப் பார்த்த கம்பெனி ஆட்கள், இது என்ன என்று தோல் டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றுவிட்டார்கள். ஒரு திங்கட்கிழமை அவர் முதுகில், சந்தேகப்பட்ட பொருள்களோடு எல்லோருக்கும் வழக்கமாக ஒட்டும் பொதுவான மருந்து வரிசையையும் சேர்த்து வில்லைகளை ஒட்டினோம். ஒட்டியது எங்கள் நர்ஸ் சகுந்தலா. என்னைவிட இந்த வேலை தெரிந்தவர். அதை என்னிடம் மறைக்கவும் மாட்டார்.

எனக்கு முடிவு ஒட்டுவதற்கு முன்பே தெரிந்துவிட்டது என்பதுதான் சங்கடம். அந்த ஸ்க்ரூக்களின் மஞ்சள் பளபளப்பில் குரோமேட் உண்டு. குரோமேட் அலர்ஜிக்குப் பேர் போனது, சிமென்ட் வேலைக்காரர்கள் கையைக் கேட்டுப் பாருங்கள். மஞ்சள் ஸ்க்ரூ, வெடித்த கை. இதற்கு டாக்டர் எதற்கு, டீக்கடைக்காரரே சொல்லிவிடுவார். புதன்கிழமை வில்லையைப் பிரித்தபோது குரோமேட் இருந்த இடத்தில் லேசான சிவப்பு. தடிப்பு இல்லை, கொப்புளம் இல்லை, சும்மா ஒரு சிவப்பு. வெள்ளிக்கிழமை அதே சிவப்பு இன்னும் கொஞ்சம் மங்கலாக. உண்மையான அலர்ஜி நாள் ஆக ஆக ஏறும், வெறும் எரிச்சல் நாள் ஆக ஆக இறங்கும் என்று உங்களுக்கு நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொள்ளவில்லை. இது இறங்குகிற மாதிரி இருக்கே மேடம் என்று சகுந்தலா சொன்னார். லைட் சரியில்லை என்றேன்.

அதற்கு நடுவில் கம்பெனி எச்.ஆர். மேனேஜர் மூன்று தடவை போன் செய்துவிட்டார். நல்ல மனிதர்தான், அவசரக்காரர். பட்டியல் வருகிற புதன்கிழமை ஹெட் ஆபீஸ் போகிறது, எனக்கு இன்றைக்கே லெட்டர் வேண்டும் என்றார். எழுதிக் கொடுத்தேன். குரோமேட் அலர்ஜி, முலாம் பூசிய ஸ்க்ரூவைத் தொடக் கூடாது, வேறு வேலை கொடுக்கவும். எஸ்தருக்கு நல்லது செய்துவிட்ட திருப்தியோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன். ஸ்க்ரூ கம்பெனியில் ஸ்க்ரூவைத் தொடாத வேலை என்ன இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். வாட்ச்மேன் வேலைதான் இருக்கிறது, அதற்கும் வேறு ஏஜென்சி.

அடுத்த திங்கட்கிழமை காலையில், யாரும் கூப்பிடாமலே எஸ்தர் வந்து நின்றார். ஓ.பி. சீட்டு வாங்கவில்லை, வரிசையில் உட்காரவில்லை. சகுந்தலாவையும் மீறி உள்ளே வந்துவிட்டார்.

"கேட்ல செக்யூரிட்டி உள்ள வுடல டாக்டரம்மா. லெட்டர் வந்துகீது, நீ ஊட்ல ரெஸ்ட் எடுன்றான். லிஸ்ட்ல இர்ந்து பேர எட்துட்டாங்களாம். இன்னா எய்தினீங்கோ?"

நான் வேறு வேலை கேட்டு எழுதியதாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இன்று நினைத்தாலும் கூசுகிறது. பேச்சை மாற்ற, டாக்டர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தேன். கை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"கை கெடக்குது. முதுகு அரிக்குது. ஒரு வாரமா தண்ணி படாம வெச்சினு கீறேன், ஊட்ல பேஜாரா போச்சி."

ஒரு வாரமா? வெள்ளிக்கிழமையே குளித்திருக்கலாமே என்றேன். அத யாரு சொன்னா என்றார். நான் சகுந்தலாவைப் பார்த்தேன், சகுந்தலா என்னைப் பார்த்தார். யாரும் சொல்லவில்லை. குளிக்காதே என்று திங்கட்கிழமை உத்தரவு போட்டது நான். அதை ரத்து செய்ய வேண்டியதும் நான். லெட்டர் எழுதும் அவசரத்தில் அது விட்டுப்போய், அந்தப் பெண் சித்திரை வெயிலில் ஏழு நாள் முதுகு நனைக்காமல் இருந்திருக்கிறார்.

சகுந்தலா திரையை இழுத்துவிட்டு ஜாக்கெட்டைத் தூக்கிப் பார்த்தார். குளிக்காத புண்ணியத்தில் மைக்கோடு அப்படியே இருந்தது. மேடம், இங்கே வாங்க என்றார். குரோமேட் இருந்த இடம் சுத்தமாக வெளுத்து, பக்கத்துத் தோலோடு தோலாகிவிட்டிருந்தது. இரண்டு வரிசை தள்ளி வேறொரு இடத்தில், ஒன்றுமே இல்லை என்று வெள்ளிக்கிழமை நான் எழுதிய இடத்தில், அழகாக வட்டமாகச் சிவந்து தடித்துச் சின்னச் சின்னக் கொப்புளங்களோடு ஒரு புள்ளி. பாடப்புத்தகத்தில் போடலாம். சகுந்தலா சார்ட்டைப் பார்த்து நம்பர் சொன்னார். மறுபடி பாருங்கள் என்றேன். மறுபடியும் அதே நம்பர். நியோமைசின்.

எஸ்தரிடம் என்ன க்ரீம் போடுகிறாய் என்று கேட்டேன். கேட்கும்போதே பதில் தெரியும். அவர் கைப்பையிலிருந்து ட்யூப்பை எடுத்து வைத்தார். அடியிலிருந்து இறுக்கமாகச் சுருட்டிச் சுருட்டி, சொட்டு வீணாகாமல் பயன்படுத்திய ட்யூப். அரிப்பை அடக்க ஸ்டீராய்டு, பூஞ்சைக்கு ஒன்று, கிருமிக்கு நியோமைசின், மூன்றும் ஒரே குழாயில். அதைச் சுற்றி என் சீட்டு. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால், என்ன நோய் என்று யோசிக்க நேரமில்லாத ஒரு காலையில், எதற்கும் இருக்கட்டும் என்று நான் எழுதிய சீட்டு. முதலில் அந்தக் கை வெடித்ததற்கு ஸ்க்ரூவைக் கழுவும் ஆயில்தான் காரணமாக இருக்கும். இரண்டு வாரம் வாசலின் தடவியிருந்தால் சரியாகியிருக்கும். அப்புறம் ஒன்றரை வருஷம் அதை ஆறவிடாமல் வைத்திருந்தது என் மருந்து. அதிலிருக்கிற ஸ்டீராய்டு கொஞ்சம் அடக்கும், நியோமைசின் கொஞ்சம் கிளப்பும். அரிப்பு அதிகமானால் இன்னும் கொஞ்சம் போட்டுக்கொள்வேன் என்றார் எஸ்தர். நான்தான் அப்படிச் சொல்லியிருந்தேன்.

இந்த இடத்தில் உங்களிடம் நல்லவள் வேஷம் போட விரும்பவில்லை. எனக்கு முதலில் வந்த எண்ணம் எஸ்தரைப் பற்றி இல்லை. நல்லவேளை, சகுந்தலாவைத் தவிர இதை யாரும் பார்க்கவில்லை என்பதுதான் முதல் எண்ணம். அவமானம் என்பது உடம்பில் சூடாக ஏறுகிற விஷயம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கம்பெனியில் இருக்கிற எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். ஸ்க்ரூ, ஆயில், கையுறை, சோப்பு, வளையல், தலைச்சாயம் வரை கேட்டு எழுதியிருக்கிறேன். என் பேனாவை மட்டும் சந்தேகப்படவில்லை. நீங்கள் ஒட்டும்போது சந்தேகப் பட்டியலில் உங்கள் பழைய சீட்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவரிடம் சொன்னேன். சுற்றி வளைக்காமல் சொன்னேன் என்று பெருமை அடித்துக்கொள்ள மாட்டேன், கொஞ்சம் சுற்றினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ நீங்க குட்த்தது தான் என் கைய தின்னுனு இர்ந்துச்சா?" என்றார். ஆமாம் என்றேன். "சரி, புதங்கெயம லிஸ்ட் போவுது. அதுக்குள்ள கம்பெனிகிட்ட சொல்லுங்கோ" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

எச்.ஆர். மேனேஜருக்குப் போன் செய்தேன். குரோமேட் இல்லை, அந்த லெட்டரை மறந்துவிடுங்கள் என்றேன். அவர் நியாயமாகத்தான் பேசினார். "மேடம், வெள்ளிக்கிழமை இருக்குன்னீங்க, திங்கக்கிழமை இல்லைன்றீங்க. அப்ப அந்தம்மா கை ஏன் அப்படி இருக்கு? காரணம் எழுத்துல இருந்தா நான் போய்ப் பேச முடியும். சும்மா ஃபிட்னு எழுதினா, அடுத்த வாரம் நீங்க மறுபடியும் மாத்த மாட்டீங்கன்னு நான் என்னத்தை வெச்சு சொல்றது?" என்றார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

லெட்டர் எழுத லெட்டர்ஹெட் வேண்டும். அது நிர்வாகி அறையில் இருந்தது. எங்கள் நிர்வாகி நிதானமானவர், எந்தக் காகிதத்தையும் கோர்ட்டில் வாசிப்பது போலவே படிப்பார். விஷயத்தைக் கேட்டதும் கதவைச் சாத்தினார். இந்த க்ரீம் நம் பார்மசியிலேயே விற்கிறது, தெரியுமா என்றார். தெரியும் என்றேன். நாளைக்கு அந்தப் பெண் வக்கீலோடு வந்தால் உங்கள் கையெழுத்துதான் சாட்சி, முப்பது வருஷப் பெயரை ஒரு ட்யூப்புக்காகக் கெடுத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அவரே ஒரு வழியும் சொன்னார். முன்பு பயன்படுத்திய ஒரு களிம்பினால் ஏற்பட்ட அலர்ஜி என்று எழுதுங்கள், பொய்யும் இல்லை, வம்பும் இல்லை.

நல்ல வழிதான். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. அப்படியே எழுதி, சீல் வைத்துக் கொண்டுவந்து எஸ்தரிடம் கொடுத்தேன். இங்கிலீஷில் இருக்குது, தமிழில் சொல்லுங்கள் என்றார். சொன்னேன். அவர் தாளை மேசை மேலேயே விட்டுவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டார்.

"யாரு குட்த்த க்ரீமுன்னு இதுல இல்லியே. நானா மெடிக்கல்ல வாங்கினு பூசிக்கினன்னு தானே படிப்பாங்கோ? ஒம்போது வர்சம் ஒய்ங்கா வேல செஞ்சிட்டு, கடசில தானா கைய கெட்த்துக்கினவன்னு பேர் வாங்கணுமா?"

சகுந்தலா ஜன்னல் பக்கம் திரும்பி, பஞ்சு டப்பாவை அடுக்குவது போல எதையோ அடுக்கிக்கொண்டிருந்தார். நான் அந்தத் தாளைக் கிழித்தேன். நிர்வாகி அறைக்கு மறுபடி போய், இன்னொரு லெட்டர்ஹெட் கேட்டேன். அவர் கொடுக்க யோசித்தார். ஓ.பி. சீட்டின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடுவேன், அது இன்னும் அசிங்கமாக இருக்கும் என்றேன். கொடுத்தார். இந்தத் தடவை நாலே வரி. இவருடைய கைப் புண்ணுக்குக் காரணம் நான் எழுதிக் கொடுத்த க்ரீமில் இருந்த நியோமைசின். இவர் நான் சொன்னபடிதான் பூசினார். வெள்ளிக்கிழமை நான் எழுதியது தவறு, அதை வாபஸ் வாங்குகிறேன். கை ஆறியதும் இதே வேலையைத் தாராளமாகச் செய்யலாம். எத்தனையோ கட்டுரை எழுதியிருக்கிறேன், கான்பரன்ஸில் பேசியிருக்கிறேன். அந்த நாலு வரியைத்தான் கையெழுத்துப் போடும் முன் மூன்று தடவை படித்தேன்.

எஸ்தருக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். இப்போ சரி என்று வாங்கி, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, நேராகக் கம்பெனிக்குப் போனார். குளித்துக்கொள்ளலாம் என்று சகுந்தலா பின்னாலேயே போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

புதன்கிழமை மத்தியானம் எச்.ஆர். மேனேஜர் பேசினார். பெயர் பட்டியலில் திரும்பச் சேர்ந்துவிட்டது, ஆனால் மூன்று வாரத்தில் கம்பெனி டாக்டர் கையைப் பார்ப்பார், கை ஆறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் என்னாலும் ஒன்றும் செய்ய முடியாது என்றார். போனை வைக்கப் போகும்போது, இப்படி ஒரு லெட்டர் இதுவரை நான் பார்த்ததில்லை மேடம் என்றார். பாராட்டா கிண்டலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அந்த மூன்று வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். நியோமைசின் இல்லாத வேறு ஒரு ஆயின்மென்ட், வெறும் வாசலின், பருத்திக் கையுறை, அதன் மேல் பிளாஸ்டிக் கையுறை. வைத்தியம் அவ்வளவுதான். ஒருவேளை குரோமேட்டும் சேர்ந்து இருந்தால்? ஒருவேளை வேறு ஏதோ இருந்து, அதையும் நான் பார்க்கத் தவறியிருந்தால்? எழுதிக் கொடுத்தது சரிதானா என்று ஒரு நாளைக்குப் பத்துத் தடவை தோன்றும். ஒவ்வொரு சனிக்கிழமையும் எஸ்தர் வந்து இரண்டு கையையும் மேசை மேல் விரித்து வைப்பார், நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரேகை ஜோசியக்காரர் போலப் பார்ப்பேன். முதல் வாரம் கசிவு நின்றது. இரண்டாம் வாரம் வெடிப்பு மூடியது. மூன்றாம் வாரம் கம்பெனி டாக்டர் பார்த்துவிட்டு, எந்தக் கையில் பிரச்சினை என்று கேட்டாராம்.

பர்மனென்ட் ஆர்டர் கிடைத்த பிறகு ஒரு நாள் எஸ்தர் வந்தார். ஸ்வீட் கொண்டு வருவார் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் பழக்கம். அவர் கொண்டு வந்தது ஒரு ஜவுளிக்கடைப் பை. மேசை மேல் கவிழ்த்தார். எல்லாம் அதே ட்யூப். பாதி தீர்ந்தது, முழுசாக இருப்பது, மூடி உடைந்தது, வெள்ளைத் துணியில் சுற்றியது. சிலவற்றில் ரப்பர் பேண்ட் போட்டு என் சீட்டையும் கட்டியிருந்தார்கள்.

"எங்க லைன்ல இருக்கற பொம்பளைங்க ஊட்ல எல்லாம் வாங்கினு வந்தேன். கைக்குப் போட்றது, கொழந்த காலுக்குப் போட்றது, அல்லாம் இதான். நீங்க எய்தினது தான்" என்றார்.

கேட்டதும் எப்படிக் கொடுத்தார்கள் என்றேன்.

"டாக்டரம்மா தெரியாம எய்திட்டாங்கோ, திருப்பிக் கேக்கறாங்கோன்னேன். சிரிச்சினே குட்த்துட்டாங்கோ."

காலாவதி மருந்து போடும் மஞ்சள் கூடையைக் காலால் பக்கத்தில் இழுத்து, அத்தனையையும் அள்ளிப் போடப் போனேன். எஸ்தர் தடுத்தார். அப்படியே போட்டால் எவனாவது எடுத்துப் பூசிக்கொள்வான், பிதுக்கிவிட்டுப் போடுங்கள் என்று ஒரு ட்யூப்பை எடுத்து மூடியைத் திருகப் போனார். நீ தொடாதே என்று பிடுங்கிக்கொண்டேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். வெளியே ஓ.பி. வரிசை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. நான் கையுறை மாட்டிக்கொண்டு, ஒவ்வொன்றாகத் திறந்து கூடைக்குள் பிதுக்கினேன். ஐந்தாறு முடிந்து அடுத்ததை எடுத்தபோது எஸ்தர் குனிந்து கூடையைப் பார்த்தார்.

"அந்த மூணாவதுல இன்னும் கொஞ்சம் கீது" என்றார்.

அதை வெளியே எடுத்து, அடியிலிருந்து சுருட்டி, மறுபடியும் பிதுக்கினேன்.